காபியை நிறுத்தாதீர்கள், அத்தை

திருச்சி,
2.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

பாப்பா எழுதுவது.   போனில் பேசியிருக்கலாம். ஆனால் பல் விஷயத்தை எடுத்தாலே, "சரி சரி, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பீர்கள். 30 வருஷம் கணக்கு விடைத்தாள் திருத்தியவர் ஆயிற்றே. அதனால்தான் எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தப் போட்டோக்கள் வந்து சேர்ந்தன. மொத்தம் 42. ஒன்றில்கூட உங்கள் பல் தெரியவில்லை. தட்டு மாற்றும்போதும் சரி, சம்பந்தியம்மா ஏதோ வேடிக்கையாகச் சொல்லி எல்லோரும் சிரிக்கும்போதும் சரி, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்பவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். என்ன விஷயம் என்று உங்கள் வீட்டுக் கல்யாணப் பெண்ணைக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்பல் அடைப்பு பழுப்பாகிவிட்டதாம். ஐப்பசி பிறந்ததிலிருந்து காபியைத் தொடுவதில்லையாம், காலையில் வெந்நீர்தானாம். யாரும் பார்க்காத நேரத்தில் உமிக்கரியும் கல் உப்பும் வைத்து அந்த ஒரு பல்லை மட்டும் தேய்க்கிறீர்களாம்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கறைக்குக் காபி மட்டும் காரணமில்லை, அத்தை. பாதிக் காரணம் நான். இதை உங்களிடம் ஐந்து வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

2019 ஆடி மாதம், நீங்கள் ரிடையர் ஆன வருஷம், பொருள்விளங்கா உருண்டையைக் கடித்து மேல் முன்பல்லின் ஓரம் உடைந்து வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உடைந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தீர்கள், ஒட்ட வைத்துவிடலாம் என்று. அன்றைக்கு என் பல் கிளினிக்கில் கூட்டம். உங்களை உட்கார வைக்கும்போதே சாயங்காலம் ஐந்தரை. நிறம் பார்த்தேன், பல்லை ஆசிட் ஜெல் வைத்துக் கழுவினேன், அடைப்பை வைத்து லைட் அடித்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைசி வேலை பாலிஷ். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தகடுகள், நான்கு தரம்: கரடு, நடுத்தரம், மெல்லிசு, மிக மெல்லிசு. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டும். இரண்டாவது தகடு முடிந்தபோது நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். ஆறே முக்காலுக்கு மன்னார்குடி பஸ். "போதும்டீ, நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. "அடுத்த வாரம் வாங்க, மிச்சத்தை முடிச்சிடறேன்" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பிறகு கொரோனா வந்தது. நானும் மறந்துவிட்டேன். வேறு யாராவது நோயாளியாக இருந்திருந்தால் பதிவேட்டில் எழுதிக் கூப்பிட்டிருப்பேன். சொந்த அத்தை என்றதும் அலட்சியம்.

பாலிஷ் செய்யாததால் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சிமெண்ட் தரையில் எண்ணெய் சிந்தினால் என்ன ஆகிறது? எத்தனை தேய்த்தாலும் நிழல் மாதிரி நின்றுவிடுகிறது. கூடத்து ரெட் ஆக்சைடு தரையில் சிந்தினால் துணியால் ஒரு இழுப்பு, போய்விடுகிறது. கூடத்துத் தரையை மேஸ்திரி மணிக்கணக்கில் கரணையால் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். நான் உங்கள் வாயில் போட்டது கொல்லைப்புறத் தரை. அந்தச் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியாது. மேடு பள்ளம் 0.2 மைக்ரானைத் தாண்டினாலே கிருமிப் படலம் ஒட்டுவது அதிகமாகும் என்பது எங்கள் பாடப்புத்தகக் கணக்கு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பள்ளங்களில்தான் உங்கள் காலைக் காபி ஐந்து வருஷமாகத் தங்கிக்கொண்டிருந்தது.

இப்போது உமிக்கரி வைத்துத் தேய்ப்பதால் பள்ளத்தைக் கூட்டுகிறீர்களே தவிரக் குறைக்கவில்லை. தேய்த்த அன்றைக்குக் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கும். அடுத்த வாரம் முன்னைவிட வேகமாகக் கறுக்கும். அப்படித்தானே நடக்கிறது?

அந்த அடைப்பு எதனால் ஆனது என்று தெரிந்தால் மிச்சமும் விளங்கும். நீங்கள் "சிமெண்ட்" என்கிறீர்கள், மாமா "பீங்கான்" என்கிறார். இரண்டும் இல்லை. எங்கள் பாஷையில் அது காம்போசிட். உங்களுக்குச் சொல்வதானால் கடலை உருண்டை. உருண்டையில் கடலை எப்படியோ, அப்படி இதில் பொடித்த கண்ணாடித் துகள். எடையில் முக்கால் பங்குக்குப் பக்கமாக அதுதான். அவற்றைப் பிடித்து நிறுத்தும் பாகு, ரெசின் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். இந்த ரெசினுக்கு அமெரிக்காவில் ரஃபேல் போவன் என்ற பல் மருத்துவர் 1962இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1955இல், மைக்கேல் புவானகோர் என்பவர் பல்லின் எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் லேசாக அரித்தால் பிளாஸ்டிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டியிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் உங்கள் முன்பல்லில் வெள்ளி அடைக்காமல் வெள்ளை அடைக்க முடிந்தது.

கடலை உருண்டை மழைக்காலத்தில் என்ன ஆகும்? நமுத்துப்போகும். கடலை அப்படியே இருக்கும், பாகுதான் ஈரத்தை இழுக்கும். இங்கேயும் அதே கதை. கண்ணாடித் துகள் கறை பிடிப்பதில்லை. ரெசின் வாயில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி லேசாக உப்புகிறது. தண்ணீரோடு அதில் கரைந்த நிறமும் உள்ளே போகிறது. வருஷங்கள் ஆக ஆக, துகளையும் ரெசினையும் பிணைத்திருக்கும் மெல்லிய பூச்சைத் தண்ணீர் அரிக்கிறது. அங்கங்கே துகள் கழன்று விழுந்து புதுப் பள்ளம் வருகிறது. சூடான காபி, உடனே குளிர்ந்த மோர் என்று மாறி மாறிப் போகும்போது அடைப்பும் பல்லும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் ஓரத்தில் நூலிழை இடைவெளி விழுகிறது. வயதாவது என்று நாங்கள் சொல்வது இதையெல்லாம்தான்.

இன்னொரு காரணம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ரெசின் ஆரம்பத்தில் பசை மாதிரி இருக்கும். அந்த நீல விளக்கு பட்டால்தான் இறுகும். விளக்கின் ஒளியை வாங்கி வேலையைத் தொடங்கி வைக்கும் பொருளின் பெயர் கேம்ஃபர்குவினோன். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், கற்பூரத்திலிருந்து செய்வது. ஆனால் வெள்ளையாக இருக்காது, மஞ்சள் பொடி. ஒளி பட்டு வேலை முடிந்ததும் அந்த மஞ்சள் பெருமளவு போய்விடும். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வைத்தாலோ, 20 விநாடி அடிக்க வேண்டிய லைட்டை 10 விநாடியில் எடுத்துவிட்டாலோ, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அதோடு துணைக்குச் சேர்க்கும் அமீன் என்ற பொருள் வருஷக் கணக்கில் மெல்லப் பழுக்கும். ஆகவே காபியே குடிக்காதவர் வாயிலும் அடைப்பு கொஞ்சம் மஞ்சளாகத்தான் செய்யும். எவ்வளவு நன்றாக லைட் அடித்தாலும் ரெசின் முழுசாக இணைவதில்லை. பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை இணைந்தாலே எங்களுக்குத் திருப்தி.

இனி காபி. மேல்படிப்பில் என் வகுப்பில் இதையே ஆராய்ச்சிக்கு எடுத்தவர்கள் இருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுக்குக் காம்போசிட் வில்லைகள் செய்து, காபியில் ஒன்று, டீயில் ஒன்று, கோலாவில் ஒன்று, மஞ்சள் கரைத்த நீரில் ஒன்று, வெறும் தண்ணீரில் ஒன்று என்று ஊறப்போட்டு, 37 டிகிரிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வயதை முன்கூட்டியே கொண்டுவர, 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை முக்கி எடுக்கும் இயந்திரமும் உண்டு. 10,000 முறை முக்கினால் வாயில் ஏறக்குறைய ஒரு வருஷம் என்று கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

பிறகு நிறத்தை அளப்பார்கள். உங்களுக்குப் பிடித்த பகுதி இதுதான். நிறத்துக்கு மூன்று அச்சுகள். ஒன்று வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே, இன்னொன்று பச்சைக்கும் சிவப்புக்கும், மூன்றாவது நீலத்துக்கும் மஞ்சளுக்கும். ஊறப்போடும் முன் ஒரு புள்ளி, ஊறிய பின் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் நிற மாற்றம். பத்தாம் வகுப்பில் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே தொலைவுச் சூத்திரம், ஓர் அச்சு கூடுதல். வெளுப்பு 2 குறைந்து, சிவப்பு 1 ஏறி, மஞ்சள் 2 ஏறியது என்று வையுங்கள். 4, 1, 4 கூட்டினால் 9, வர்க்கமூலம் 3. மாற்றம் 1.2 ஆனால் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கண்டுபிடிப்பார்கள். 2.7 வரை போனாலும் பாதிப்பேர் "பரவாயில்லை" என்று விட்டுவிடுவார்கள். இது உலகத் தர அமைப்பே ஏற்றுக்கொண்ட அளவு. அதுவும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால். நீங்களோ கண்ணாடிக்கு நாலு விரல்கடையில் நின்று, டார்ச் அடித்துப் பார்க்கிறீர்கள்.

அந்த வில்லைகள் 24 மணி நேரம் காபியில் கிடந்தால் ஒரு மாதம் காபி குடித்ததற்குச் சமம் என்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று கோப்பைக்குச் சற்று அதிகம், ஒன்றை முடிக்கக் கால் மணி நேரம், ஆக நாளுக்கு 48 நிமிடம் என்று அந்தக் கணக்கு. வாயில் வைத்து வைத்து உறிஞ்சும் ஊர்க்காரர்களுக்கு அது சரி. நீங்கள் தபராவில் இரண்டு ஆற்று ஆற்றி நாலே நிமிஷத்தில் டம்ளரைக் கழுவி வைப்பவர். நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் 8 நிமிடம். 24 மணி நேரம் சேர 180 நாள் ஆகும். ஆறு மாதம்! அதோடு ஆய்வகப் பெட்டியில் எச்சில் இல்லை, நாக்கு இல்லை, ராத்திரிப் பல் தேய்ப்பது இல்லை. வில்லை காபிக்குள்ளேயே தூங்குகிறது.

ஊறப்போட்ட பானங்களுக்குள்ளும் குணபேதம் உண்டு. டீயின் நிறம் பெரும்பாலும் மேலே படியும், பிரஷ்ஷுக்கு ஓரளவு போகும். காபியின் மஞ்சள் நிறப் பொருள்கள் ரெசினுக்குள் இறங்கிவிடும், அதனால் அது பிடிவாதக் கறை. கோலா பார்க்கத்தான் கறுப்பு. அதிலுள்ள அமிலம் மேற்பரப்பை மிருதுவாக்கும், ஆனால் காபி அளவுக்கு நிறம் ஏற்றாது. வெளிநாட்டு ஆய்வுகளில் சிவப்பு ஒயின் முதல் வரிசையில் நிற்கும். நம் வீட்டில் அந்த இடம் மஞ்சளுக்கு. மஞ்சள் நிறப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ரெசினும் எண்ணெய்க் குணமுள்ளது. ஆகவே வற்றக்குழம்பில் மிதக்கும் அந்த மஞ்சள் எண்ணெய்க்கு அடைப்பு என்றால் கொள்ளைப் பிரியம். மாமாவின் வெள்ளை வேட்டியில் விழுந்த குழம்புக் கறையை வெயிலில் போட்டு எடுப்பீர்களே, வெளிச்சத்தில் மஞ்சள் வெளிறிவிடும் என்பதால்தான் அது நடக்கிறது. உதட்டை மூடிக்கொண்டே இருந்தால் வாய்க்குள் வெயில் எங்கிருந்து வரும்?

பால் காபிக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் டீயின் துவர்ப்புப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பால் சேர்த்த டீ, கட்டன் டீயைவிடப் பல்லில் குறைவாகத்தான் கறை விடும். காபியிலும் அந்தத் துவர்ப்பு இனப் பொருள்கள் உண்டு. கள்ளிச்சொட்டு மாதிரிப் பால் ஊற்றிக் குடிக்கும் உங்களைவிட, தைலம் போலக் கறுப்புக் காபி குடிக்கும் என்னைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

காபியைவிட எனக்குச் சந்தேகம் வேறொன்றின் மேல். போன வருஷம் ஈறு வீங்கியபோது வாய் கொப்பளிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தேனே, குளோர்ஹெக்ஸிடின். இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்தேன். வாய் மணக்கிறது என்று இன்னும் மருந்துக்கடையில் வாங்கிக் கொப்பளிக்கிறீர்கள் என்று கல்யாணப் பெண் சொல்கிறாள். அது காபி, டீயோடு சேர்ந்தால் பல்லிலும் அடைப்பிலும் பழுப்புப் படலம் போடும். அதை இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்த வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அடைப்பை உங்கள் 58 வயதுப் பல்லின் நிறத்துக்குப் பொருத்தி வைத்தேன். இப்போது உங்களுக்கு 63. அந்தப் பல்லும் சும்மா இருக்கவில்லை. வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலியும், உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் தடிக்கும். பல் ஒரு வழியில் நிறம் மாறியது, அடைப்பு இன்னொரு வழியில். நடுவே கோடு தெரிகிறது. உங்கள் பல் எந்த நிறத்தில் இருக்கிறதோ அதுதான் சரியான நிறம். அடைப்புதான் அதற்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் யாராவது "பல்லை வெளுக்க வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு ஜோராக இருக்கும்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். வெளுக்கும் மருந்து பல்லை வெளுக்கும், அடைப்பை வெளுக்காது. வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு வாரம் காத்திருந்துதான் புது அடைப்பு வைக்க முடியும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை ஒழுங்காக இறுக விடாது.

ஆகவே வரும் சனிக்கிழமை வாருங்கள். காலை பத்து மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, வேலை தொடங்கும் முன்பே நிறம் பார்த்துவிடுவேன். வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தாலே பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டும். அந்த மாம்பழ மஞ்சள் புடவை வேண்டாம், வெளிர் நிறத்தில் ஏதாவது கட்டிக்கொண்டு வாருங்கள். புடவை நிறம் என் கண்ணை ஏமாற்றும்.

முதலில் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே மட்டும் என்றால் நான்கு தகடும் முறையாக ஓட்டி, கடைசியில் வைரப் பொடிப் பசை வைத்துத் துணிச் சக்கரத்தால் தேய்த்தால் போய்விடும். ஊசி இல்லை, வலி இல்லை, அரை மணி வேலை. ஓரத்தில் பழுப்புக் கோடு என்றால் அங்கே சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பேன். கோடு இருந்தாலே சொத்தை என்று அர்த்தமில்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம். உள்ளேயே இறங்கியிருந்தால் மேலாக ஒரு மில்லிமீட்டருக்குள் செதுக்கி எடுத்துவிட்டு, பழையதன் மேலேயே புது அடுக்கு வைத்து லைட் அடிப்பேன். முழுசாகப் பெயர்த்து எடுக்க மாட்டேன். ஒவ்வொரு முறை பெயர்க்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

பாலிஷ் மட்டும் போதும் என்றால் அன்றைக்குச் சாயங்காலமே காபி. புது அடுக்கு வைத்தால் லைட் அடித்த பிறகும் உள்ளே ஒரு நாள் இறுகிக்கொண்டே இருக்கும். அதனால் சனிக்கிழமை மட்டும் காபியும் குழம்பும் கிடையாது, தயிர் சாதம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிகாஷன் போடலாம். அதன் பிறகு வழக்கம்போல இரண்டு டம்ளர். குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷுக்கு வந்துவிடுங்கள்.

நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் அரைத்த காபிப் பொடி கால் கிலோ கொண்டுவாருங்கள். சிக்கரி எவ்வளவு போடச் சொல்வீர்களோ அந்த அளவிலேயே. நான் எத்தனை முறை சொல்லி வாங்கினாலும் இங்கே அந்த மணம் வருவதில்லை.

இந்தத் தடவை ஆறே முக்கால் பஸ் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் இங்கேதான். திங்கட்கிழமை காலையில் நானே பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிடுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். இதையெல்லாம் என்னிடம் சொன்னதற்காகக் கல்யாணப் பெண்ணைத் திட்ட வேண்டாம்.

அன்புடன்,
பாப்பா

பி.கு.: உமிக்கரியைத் தூக்கிப் போட வேண்டாம். வெண்கலப் பானை தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.